வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி நாலு பேரிடம் சொல்வது எப்படி?

என் மகன் கணித ஆராய்ச்சியில் இருக்கிறான். மகள் வேலைக்கும் போய்க்கொண்டு நெடுந்தூர ஓட்டத்திலும் இறங்கியிருக்கிறாள். இருவரைப் பற்றியும் பேசுவதென்றால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெற்றவள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? தாராளமாகச் சொல்லலாம். சொல்வதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். "சொல்லலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "ம்" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. யார் யாருக்குச் சொல்லலாம், எப்போது சொல்லலாம், எந்தப் படத்தை அனுப்பலாம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். வேலை மாறும் சேதியில் இது ரொம்ப முக்கியம். "ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, இங்கே ராஜினாமா கொடுக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்று என் மகள் தெளிவாகச் சொல்லிவிடுவாள். அதில் நியாயம் இருக்கிறது: பழைய மேலதிகாரிக்கு அந்தச் சேதி அவள் வாயிலிருந்துதான் போக வேண்டும். கல்யாணப் பேச்சு, கர்ப்பம், உடம்புக்கு முடியாமல் போவது, இதெல்லாம் அவர்களாகச் சொல்லும்வரை நம்மோடு இருக்கட்டும். சம்பளத்தை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது, விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வது. என்னைக் கேட்டால் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மகள் ஓடியது அரை மாரத்தான், 21.0975 கிலோமீட்டர். முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். "மாரத்தான் ஓடினாள்" என்று சொன்னால் கேட்பவர் இரண்டாவதைத்தான் நினைப்பார், அடுத்த முறை அவளைப் பார்க்கும்போது அவள் திருத்த வேண்டியிருக்கும். அவள் செய்ததை அவள் செய்த அளவிலேயே சொல்வதுதான் அவளுக்குப் பெருமை.

மகன் விஷயமும் இப்படித்தான். ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பியிருக்கிறான் என்பது ஒன்று, ஏற்றுக்கொண்டார்கள் என்பது வேறு, வெளிவந்துவிட்டது என்பது இன்னொன்று. நடுவில் அதே துறை அறிஞர்கள் படித்துத் திருத்தம் கேட்பார்கள், அதற்கே மாதக்கணக்காகும். எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்டு, அதையே சொல்லுங்கள். கட்டுரையை எழுதியவர்களின் பெயர் வரிசையையும் கேட்டுக்கொள்ளுங்கள். கணிதத்தில் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில் போடுவார்கள், அதனால் மூன்றாவது பெயராக வந்தால் குறைவு என்று அர்த்தமில்லை. உயிரியல் போன்ற துறைகளில் முதல் பெயர் பொதுவாக அதிகம் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் குழுத் தலைவருடையது. இது தெரிந்திருந்தால், யாராவது கேட்கும்போது தயங்காமல் பதில் சொல்லலாம்.

இனி எழுதுவது. "என் மகள் சாதித்துவிட்டாள், கடவுள் புண்ணியம், பெருமையாக இருக்கிறது" என்று எழுதினால் வாழ்த்துகள் வரும், ஆனால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் அனுப்பியது இது:

"மகள் ஞாயிற்றுக்கிழமை தன் முதல் அரை மாரத்தானை முடித்தாள். ஆறு மாதமாக விடிவதற்கு முன்பே எழுந்து பயிற்சி. பதினெட்டாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் நடந்து, மறுபடி ஓடி, ஓடியபடியே கோட்டைத் தாண்டினாள்."

இதில் பாராட்டு வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படித்த என் அக்கா உடனே போன் செய்து, "கால் இப்போ எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள். கால் பிடித்ததைச் சொல்லலாமா என்று மகளிடம் முன்பே கேட்டிருந்தேன். "அதைத்தான் முதல்ல சொல்லணும்" என்றாள்.

யாருக்கு அனுப்புகிறோம் என்பதையும் யோசியுங்கள். பெரிய வாட்ஸ்அப் குழுவில் போட்டால், தன் பிள்ளைக்கு வேலை கிடைக்காத வருத்தத்தில் இருப்பவரும் கட்டாயத்துக்குக் கைதட்ட வேண்டியிருக்கும். எனக்குத் தனித்தனியாக அனுப்புவதே பிடிக்கும். நிறைய பேர் என்றால் பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறது. 256 பேர்வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் நமக்கு மட்டும் வரும். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். தனித்தனியாக அனுப்பியதில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம்.

படங்களில் கவனம் தேவை. போர்டிங் பாஸை அனுப்பவே வேண்டாம். அதிலுள்ள முன்பதிவு எண்ணும் பெயரும் இருந்தால் பல விமான நிறுவனத் தளங்களில் அந்தப் பயணப் பதிவையே திறந்துவிடலாம். அலுவலக அடையாள அட்டை, வீட்டு எண் தெரியும் வாசல், சான்றிதழில் உள்ள பதிவு எண், இவற்றையெல்லாம் வெட்டிவிட்டு அனுப்புங்கள். தெளிவாகப் போகட்டும் என்று படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பினால், எங்கே எடுத்தது என்ற இடக்குறிப்பும் கூடவே போகக்கூடும்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒரே செய்தியில் இருவரையும் சேர்க்காதீர்கள். "இவள் ஓடுகிறாள், அவன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான்" என்று எழுதினால் அந்த "இன்னும்" அவனுக்கு வலிக்கும். அவரவர் சேதி அவரவருக்கு, அவரவர் நாளில்.

பதில்கள் வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வாழ்த்துகளை நாமே வைத்துக்கொள்ளாமல், யார் என்ன சொன்னார்கள் என்று பெயரோடு பிள்ளைக்கு அனுப்புங்கள். பள்ளியில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் மாதிரி யாராவது இருந்தால், அவருக்கு மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். எண்ணைப் பிள்ளையிடம் கொடுத்து அவனையே பேசச் சொல்லுங்கள்.