போட்டிக் கம்பெனியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வது எப்படி? பம்ப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

கோவையில் ஒரு சிறு பம்ப் பட்டறைக்காரரிடம் போய் ஆராய்ச்சி என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குங்க" என்பார். ஆனால் அதே ஊரில்தான் 1956இல் சிட்ரா தொடங்கியது. சந்தையில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட நூற்பாலைகள் சந்தா கட்டி நடத்திய ஆராய்ச்சி நிலையம் அது. நூலுக்கு முடிந்தது மோட்டாருக்கும் முடியும்.

படி 1: எந்தப் பிரச்சினை?

பாதிக் கூட்டங்கள் உடைவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: பக்கத்துப் பட்டறைக்காரர் இதை முதலில் கண்டுபிடித்துவிட்டால் என் ஆர்டர் போய்விடுமா? போய்விடும் என்றால் அதை வெளியே கொண்டுவர வேண்டாம். உங்கள் இம்பெல்லர் (பம்பில் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) டிசைன் அப்படிப்பட்டது.

மோட்டாருக்குள் சுழலும் பாகமான ரோட்டாரில் அலுமினியத்துக்குப் பதில் செம்பைப் போடுவது அப்படியில்லை. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் விட்டத்தை நம் இஷ்டத்துக்குப் பெரிதாக்க முடியாது. ஆகவே செம்புக்கு மாறினால் அதே அளவு மோட்டாரில் மின் இழப்பு குறையும். செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகி, முனை வளையத்தோடு பற்றவைக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கைவேலை அதிகம், ஒரு பற்று சரியில்லை என்றாலும் ரோட்டார் கெட்டது. டையில் (உலோக அச்சில்) ஒரேயடியாக வார்க்கலாம் என்றால், அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிறது, செம்புக்கு 1085 டிகிரி வேண்டும். சூடு ஏறி இறங்கியே டை வெடித்துவிடும். இதைத் தனி ஒரு பட்டறை தாங்காது, பத்துப் பேர் பங்கு போட்டால் தாங்கும்.

படி 2: யார் யார்?

ஏழெட்டுப் பேர் போதும். டை செய்பவரையும் வார்ப்பவரையும் கட்டாயம் சேருங்கள், விஷயம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. முக்கியமான ஒன்று: அந்த மேஜையில் விலையைப் பற்றிப் பேசவே கூடாது. 'இந்த மாடலை இவ்வளவுக்குக் கீழே விற்க வேண்டாம்' என்று பேச்சு திரும்பினால் அது ஆராய்ச்சியாக இருக்காது, 2002 போட்டிச் சட்டத்தின் கீழ் வழக்காகும்.

படி 3: முதலில் அளந்து பாருங்கள்

ஆளுக்கு மூன்று அலுமினிய ரோட்டார் கொண்டு வரட்டும். பெயர் வேண்டாம், சுண்ணாம்புக்கட்டியால் எண் மட்டும் போடுங்கள். ஸ்டாம்பிங் அடுக்கை (ரோட்டாரின் உடலான இரும்புத் தகடுகளின் அடுக்கு) வார்ப்பதற்கு முன்பே ஒரு முறை எடை போட்டிருக்க வேண்டும். வார்த்து, கேட்டை (உலோகம் உள்ளே பாய்ந்த வழியில் உறைந்து நிற்கும் துண்டு) அறுத்து எடுத்தபின், லேத்தில் ஏற்றும் முன் மறுபடி எடை. வித்தியாசம்தான் உள்ளே போன அலுமினியம். டிராயிங்கைப் பார்த்து ஸ்லாட்டும் (தகடுகளில் உலோகம் நிரம்பும் பள்ளம்) முனை வளையமும் எத்தனை கன சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு, அலுமினியத்தின் அடர்த்தியான 2.7ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் இருக்க வேண்டும் என்பது தெரியும். குறைவது உள்ளே இருக்கிற ஓட்டை. ஓட்டை கூடக் கூட மோட்டார் சூடாகும்.

ஒரு தராசும் கால்குலேட்டரும்தான் செலவு. நான் போயிருந்த ஒரு கூட்டத்தில், 'எங்க வார்ப்புல ஓட்டையே இல்ல' என்று அடித்துச் சொன்னவரின் ரோட்டார்தான் எடையில் கடைசி. எண் மட்டும் போட்டிருந்ததால் அவருக்கு மானம் தப்பியது. அடுத்த கூட்டத்துக்கும் வந்தார்.

படி 4: ஆய்வகத்தை அணுகுவது

கோவை என்றால் தொழில்துறையே முன்னின்று உருவாக்கிய சிட்டார்க் என்ற சோதனை, ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பி.எஸ்.ஜி. போன்ற பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. 'எங்கள் ரோட்டாரை நன்றாக்கித் தாருங்கள்' என்று போகாதீர்கள். அந்தக் கேள்விக்கு அறிக்கை வரும், பதில் வராது. நிக்கல் கலவை டையை நன்றாகச் சூடேற்றிவிட்டு வார்த்தால் அதிக நாள் தாங்கும் என்பது செம்பு வார்ப்பில் தெரிந்த விஷயம். ஆகவே 'எங்கள் அளவு டைக்கு எத்தனை டிகிரி, அந்தச் சூட்டில் டையை வைத்திருக்க என்ன செலவு?' என்று கேளுங்கள்.

படி 5: பணமும் காகிதமும்

இதைச் சட்டென்று முடிக்கலாம். தமிழ்நாட்டில் ஏழு பேர் இருந்தால் 1975 சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கம் பதிவு செய்யலாம். குறு, சிறு தொழில்களுக்கான ஒன்றிய அரசின் தொகுப்பு (கிளஸ்டர்) திட்டத்தில், எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் பொது வசதி மையத்துக்கு உதவி கேட்கலாம். சந்தாவைச் சமமாக வையுங்கள். விற்றுமுதலுக்கு ஏற்ப என்று போனால் அதிகம் கட்டியவர் அதிகாரம் செய்வார். கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம், விலகுபவருக்கு என்ன உரிமை என்பதை முதல் சோதனைக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம், காப்புரிமைக்கு விண்ணப்பிக்காமல் கண்காட்சியில் வைத்துப் பெருமையடித்தால் புதுமை என்ற தகுதியே போய்விடும்.

படி 6: வார்த்துப் பாருங்கள்

ஒருவர் பட்டறையில் ஒரு மெஷினை வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வார்ப்புக்கும் டை சூடு, உருகிய உலோகத்தின் சூடு, அழுத்தம், எடை ஆகியவற்றை நோட்டில் குறியுங்கள். கெட்டுப்போன ரோட்டாரை அப்படியே உருக்கிவிடாதீர்கள். குறுக்கே அறுத்து, எண் எழுதி அலமாரியில் வையுங்கள், அடுத்த கூட்டத்தில் முதலில் கைக்குக் கை மாறப்போவது அதுதான்.