பார்த்தீனியம்: பூக்கும் வரை காத்திருக்காதீர்கள்

போன வாரம், புதிதாகத் தோட்டம் போட்டிருக்கும் ஒரு தம்பி தன் செண்டுமல்லிப் பாத்தியைப் படம் பிடித்து அனுப்பினார். "நாத்து எப்படி வந்திருக்கு பாருங்கண்ணா!" பார்த்தேன். பாதிக்குப் பாதி பார்த்தீனியம் என்கிற களைச்செடி. நான் பண்ணிய அதே தப்பு.

பூ வரட்டும், பார்க்கலாம்

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஒரு டிராக்டர் தொழு உரம் வாங்கிக் கொட்டி, செண்டுமல்லி விதைத்திருந்தேன். மழைக்குப் பிறகு வெளிர்பச்சையில், விளிம்பு ஆழமாக வெட்டுப்பட்ட இலைகளோடு நிறைய முளைத்தன. களையெடுக்க வந்த அக்கா, "இது விஷப்பூண்டு, பிடுங்கிரட்டுமா?" என்று கேட்டார். பூ வந்தால் தெரிந்துவிடும், விடுங்கள் என்றேன்.

ஒரு மாதம் போல ஆனது, பூவும் வந்தது. மிளகு அளவுகூட இல்லாத, ஐந்து முனையுள்ள வெள்ளைப் பூ. சரி, தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் முதலில் பூத்தவை விதை கட்டிவிட்டன. ஒரு பூவுக்கு ஐந்து விதை வரை. நன்றாக வளர்ந்த ஒரே செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்கும். அத்தனையையும் பிடுங்கி எருக்குழியில் போட்டேன். அடுத்த வருஷம் அந்த எருவோடு அது எல்லாப் பாத்திக்கும் போய்ச் சேர்ந்தது. மெக்சிகோ பக்கத்துச் செடி இது. 1950-களில் புனேயில் கண்டார்கள். இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பார்கள். என் தோட்டத்துக்கு வாங்கிய எருவோடு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பூவுக்கு முன்பே அடையாளம் தெரியும். செண்டுமல்லி நாற்று முளைத்ததுமே நிமிர்ந்து நிற்கும். இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும். கசக்கினால் செண்டுமல்லி வாசம் தூக்கும். பார்த்தீனியம் முதலில் தண்டே விடாது. இலைகளைத் தரையோடு ஒட்டி வட்டமாக விரிக்கும், இலை முழுக்க மெல்லிய சுணை இருக்கும். அப்புறம்தான் நீளவாக்கில் வரி ஓடிய தண்டு எழும்பும், அதில் இலைகள் மாறி மாறி வரும். கேரட் இலையும் வெட்டுப்பட்டதுதான், ஆனால் அது இன்னும் பொடியாகப் பிரிந்து, நீண்ட காம்பில் மேலே நிற்கும். தரையில் வட்டம் போட்டிருக்கும்போதே, மண் ஈரமாக இருக்கையில், வேரோடு எடுத்துவிடுங்கள்.

வெறுங்கை

முதல் தடவை ஒன்றும் ஆகாது. அதை நம்பித்தான் பலரும் தொடர்ந்து பிடுங்குகிறார்கள். திரும்பத் திரும்பத் தொட்ட பிறகுதான் அரிப்பும் தடிப்பும் வரும். வந்துவிட்டால் எளிதில் போகாது. மகரந்தம் சிலருக்கு மூச்சிரைப்பையும் கொண்டுவரும். கையுறை போடுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களை இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

வெள்ளைப் பூ எல்லாம் பார்த்தீனியம் இல்லை

வெட்டுக்காயப் பூண்டின் பூ நீண்ட காம்பில் தனியாக நிற்கும், நடுவில் மஞ்சள். கரிசலாங்கண்ணி ஈரமான இடத்தில் வரும், இலையில் வெட்டே இருக்காது.

மெஷினில் வெட்டிவிடுவது

அடியிலிருந்து மறுபடியும் துளிர்க்கும்.

கோடு போட்ட வண்டுக்கு மருந்தடிப்பது

வேண்டாம். பார்த்தீனிய இலையைத் தின்பதற்காகவே 1980-களில் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து விட்ட வண்டு அது. மழைக்காலத்தில் இலையைச் சல்லடையாக்கிவிடும். பாத்திக்குள் இருப்பதை நீங்கள் பிடுங்குங்கள். வேலியோரத்தில் இருப்பதை அது பார்த்துக்கொள்ளட்டும்.