வட்டமடிக்கும்போது எண்ணாதீர்கள்
இலையுதிர் காலத்தில் வலசை போகும் பருந்து, கழுகுக் கூட்டம் வானில் வட்டமடிக்கும்போது எண்ண ஆரம்பிக்காதீர்கள். உச்சிக்கு ஏறி அவை வரிசையாக நழுவி வெளியேறும் இடத்தில் பைனாகுலரை அசையாமல் நிறுத்தி, அங்கே கடப்பவற்றை மட்டும் எண்ணுங்கள்.

தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் சுழன்று உயரம் ஏறி, அப்புறம் இறக்கையை அடிக்காமலே அடுத்த வெப்பக் காற்றை நோக்கிச் சறுக்குவதுதான் இவற்றின் பயண முறை. சுழலும் கூட்டத்தில் ஒரே பறவை பல தடவை கண்ணில் படும், ஒன்றையொன்று மறைக்கவும் செய்யும். சறுக்கும் வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் வரும். கையில் அழுத்தி எண்ணும் கவுன்ட்டர் இருந்தால் கண்ணை எடுக்கவே வேண்டாம். ஆற்று வெள்ளம்போல வந்தால் பத்துப் பறவைக்கு ஒரு தடவை அழுத்துங்கள்.

வெயில் ஏறாத காலையிலும் மேகம் மூடிய நாளிலும் இது உதவாது, சுழற்சியே சரியாக உருவாகாது. பூனைப்பருந்து, வல்லூறு போன்றவை பெரும்பாலும் தனித்தனியாக இறக்கையடித்தே போகும், அவற்றை வரவர எண்ணிவிடலாம். வரிசை கட்டும் முன்பே கூட்டம் மலைக்குப் பின்னால் மறைந்துவிட்டதா? சரி, உத்தேச எண்ணிக்கையை எழுதி, பக்கத்திலேயே ‘உத்தேசம்’ என்றும் குறித்துவையுங்கள்.