எக்ஸ்ரே படத்தைக் கைப்பேசி உறையில் அச்சிடுவது எப்படி?

கைப்பேசி உறையில் எக்ஸ்ரே படத்தைப் பதிக்க விரும்புபவர்கள், அச்சுமுறையை யோசிப்பதற்கு முன்பாக, அந்தப் படம் யாருடைய உடலைக் காட்டுகிறது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். சொந்தப் படமானால் சிக்கலில்லை. பிறருடையதானால் அவருடைய தெளிவான சம்மதம் தேவை; மருத்துவப் பணியில் இருப்பவர்கள் நோயாளியின் படத்தை அவருக்குத் தெரியாமல் இதற்கு எடுத்தாள்வதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் 1895 டிசம்பர் 22 அன்று தம் மனைவியின் கையை எடுத்த படம், பதிப்புரிமைத் தடையின்றிக் கிடைப்பதாலும், விரலில் மோதிரம் தெளிவாகத் தெரிவதாலும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நன்கு பொருந்தும்.

அடுத்து, அடையாளங்களை நீக்குங்கள். மருத்துவமனைகள் பெரும்பாலும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வகை) வடிவில் தரும் கோப்பில் பெயர், பிறந்த தேதி, பதிவு எண் ஆகியவை படத்தின் மூலையில் மட்டுமல்லாமல் கோப்புக்குள்ளும் பதிந்திருக்கும். ஆகவே அதை பிஎன்ஜி கோப்பாக மாற்றி, எழுத்துள்ள மூலைகளை வெட்டி எறியுங்கள், மங்கலாக்குவது போதாது.

மூன்றாவது, அளவு. 7.5 செ.மீ. அகலமும் 16 செ.மீ. உயரமும் உள்ள உறைக்கு, ஓரங்களில் 3 மி.மீ. கூடுதலாக விட்டு, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 960 × 1,960 பிக்சல்கள் வேண்டும்.

பலரும் கவனிக்கத் தவறுவது ஒளி. எக்ஸ்ரே படத்தைப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் பார்த்தே பழகியிருக்கிறோம். அச்சில் அந்த வெளிச்சம் இல்லாததால், எலும்பைச் சுற்றியுள்ள தசையின் மெல்லிய சாம்பல் நிறம் கறுப்போடு கலந்துவிடும். கறுப்பை அப்படியே விட்டு, இடைநிலைச் சாம்பலை மட்டும் சற்று வெளிறச் செய்யுங்கள். பிறகு சாதாரணத் தாளில் அச்சிட்டு, உறையின் வடிவில் வெட்டி, அதன்மேல் வைத்துப் பாருங்கள். கேமரா துளை விரல் மூட்டைத் தின்றுவிட்டால் படத்தை நகர்த்த வேண்டியதுதான்.

தாளில் அச்சிட்ட மையை வெப்பத்தால் உறைக்கு மாற்றும் சப்ளிமேஷன் முறையில் வெள்ளை மை கிடையாது என்பதால், அதற்கென மேற்பூச்சுள்ள வெள்ளை உறையையே வாங்க வேண்டும். எலும்பின் வெண்மை அந்த உறையின் வெண்மைதான். கறுப்பு அல்லது ஒளிபுகும் உறையானால், அடியில் வெள்ளை மை பூசக்கூடிய, புற ஊதா ஒளியால் மையை உலர்த்தும் யுவி அச்சைத் தேர்ந்தெடுங்கள்.

சப்ளிமேஷன் தாளில் படத்தை இடவலம் மாற்றித்தான் அச்சிட வேண்டும். மறந்துவிட்டால், மார்பு எக்ஸ்ரேயில் இதயம் எதிர்ப்புறத்தில் போய் நிற்கும்.