பெப்டைட் ஜெல் புதிய இரத்தக்குழாயை வளர்க்கிறதா? கோழி முட்டையில் சோதிக்கும் முறை

சீனி வருத்தத்தால் காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதையும், போரில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் உரசி உரசிப் புண்ணாவதையும் வன்னியில் காணாதவர் குறைவு. அந்த இடத்துக்கு இரத்தம் வந்து சேராமல் புண் ஆறாது. ஒரு கலம் உயிரோடு இருக்க, அதிலிருந்து 0.1, 0.2 மில்லிமீற்றர் தூரத்துக்குள் ஒரு மயிர்த்துளைக்குழாய் இருக்க வேண்டும். புதுக் குழாய்களை வரவழைக்க பெப்டைட் ஹைட்ரோஜெல் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகளால் ஆன, தண்ணீர் நிறைந்த ஜெல்) உதவுமா என்று பார்க்க எலிக்கூடம் தேவையில்லை, கருக்கட்டிய முட்டை போதும். அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ படிக்கிற, ஆய்வுகூடத்தில் ஒரு மூலை கிடைக்கிற தம்பி தங்கச்சிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியை முதலே கேளுங்கள்.

ஜெல்லுக்கு ராடா16 என்ற பெப்டைட் நல்ல தொடக்கம். ஆர்ஜினின், அலனின், அஸ்பார்ட்டிக் அமிலம், அலனின் என்ற வரிசை நாலு தடவை வரும், மொத்தம் 16 அமினோ அமிலம். உப்புக் கரைசலைத் தொட்டதும் மெல்லிய இழைகளாகப் பின்னிக்கொள்ளும், அதில் 99 வீதம் தண்ணீர்தான். ஆனால் வெறும் ராடா16 பாகற்கொடிக்குப் போட்ட பந்தல் மாதிரி, ஏற இடம் தருமே தவிர கொடியை முளைக்க வைக்காது. அதற்கு, உடம்பில் புதுக் குழாய்களை வளரத் தூண்டுகிற விஈஜிஎஃப் புரதத்தின் ஒரு பகுதியைப் போல நடிக்கிற, கியூகே எனப்படும் 15 அமினோ அமிலத் துண்டை முனையில் ஒட்டிய ராடா16ஐயும் செய்வித்து, இரண்டையும் சமமாகக் கலக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, அதே 15ஐயும் வரிசை குலைத்து ஒட்டிய இன்னொன்றையும் சேர்த்தே ஓடர் பண்ணுங்கள், காசு மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் என்று கரைத்து, சொனிக்கேற்றரில் (ஒலி அலையால் அதிர வைத்துக் கரைக்கிற கருவி) அரை மணித்தியாலம் வையுங்கள். தண்ணீர் விஷயத்தில் கவனம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம், அந்த உப்பே ஜெல்லைப் போத்தலுக்குள் இறுக வைத்துவிடும். ஆர்ஓ குடிதண்ணீரும் சரிவராது. ஊசிமருந்து கரைக்கிற கிருமி நீக்கிய தண்ணீர் பாமசியில் கிடைக்கும், அதுதான் சரி.

இந்தக் கரைசல் அமிலம். அப்படியே வைத்தால் முட்டைக்குள் குழாய்கள் ஓடுகிற மென்சவ்வு எரிந்து, அந்த எரிச்சலுக்கே குழாய்கள் ஓடிவரும், நீங்கள் பெப்டைட் வேலை செய்கிறது என்று சந்தோசப்படுவீர்கள். ஆகவே 20 மைக்ரோலீற்றர் துளியைச் சிறு சிலிக்கோன் வளையத்துக்குள் விட்டு, மேலே பிபிஎஸ் என்ற, பிஎச் மாறாத உப்புக் கரைசல் ஊற்றி, பிஎச் தாள் 7ஐக் காட்டும்வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள்.

சரி, முட்டை. கடை முட்டையில் கரு இருக்காது, சேவலோடு திரிகிற ஊர்க்கோழி முட்டை வேண்டும். வன்னி வெயிலில் கூடைக்குள் கிடக்கும்போதே கரு வளரத் தொடங்கிவிடும், பிறகு ஒவ்வொரு முட்டையும் ஒவ்வொரு வயதில் நிற்கும், எந்தக் கணக்கும் ஒத்துவராது. இட்ட அன்றே வாங்கி 15 முதல் 18 பாகையில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் 37.5 பாகை இன்கியூபேட்டரில் ஏற்றுங்கள். கரண்ட் போனால் தாங்க யூபிஎஸ் கட்டாயம்.

மூன்றாம் நாள் கூர்முனையால் 2, 3 மில்லிலீற்றர் வெள்ளைக்கருவை ஊசியால் எடுத்தால் கரு கீழிறங்கும். மேலே சிறு யன்னல் வெட்டி சலோடேப்பால் மூடுங்கள், இதற்குப் பிறகு முட்டையைப் புரட்ட வேண்டாம். எட்டாம் நாள் பெரிய குழாய்களுக்கு விலகி ஜெல்லை வையுங்கள். சிலதில் பிபிஎஸ் மட்டும், சிலதில் வெறும் ராடா16, சிலதில் குலைத்த வரிசை, சிலதில் கியூகே. கருக்கள் சாகும், அதனால் ஒவ்வொன்றுக்கும் தாராளமாக முட்டை வையுங்கள். பன்னிரண்டாம் நாள் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து, எது எந்த முட்டை என்று தெரியாத இரண்டு பேரைக் கொண்டு குழாய்களை எண்ணுவியுங்கள்.

எண்ணிக்கையோடு நிறுத்தாமல் மென்சவ்வை வெட்டிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியிலும் பாருங்கள். பறவையின் செங்குழியத்தில் கலக்கரு (நியூக்கிளியஸ்) உண்டு, அதை அழற்சிக் கலம் என்று எண்ணிவிடாதீர்கள்.

முட்டையில் நன்றாக வந்தாலும் அந்த ஜெல்லை ஒருவரின் புண்ணிலும் தடவக் கூடாது, வீட்டு ஆட்களே கெஞ்சினாலும். முட்டைக்குப் பிறகு விலங்குச் சோதனையும் மருத்துவச் சோதனையும் இருக்கின்றன. சீனி வருத்தக்காரரின் விழித்திரையில் வேண்டாத குழாய்கள் முளைத்துப் பார்வை போவதும் அதே விஈஜிஎஃப்பால்தான்.