கடையைக் காலி செய்கிறீர்களா? டெபாசிட்டைக் கோட்டை விடாதீர்கள்

கோலாலம்பூருக்குப் புதிதாக வந்து கடை எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை நடத்திய என் நண்பர், கடையை மூடிய பிறகு டெபாசிட்டுக்காக நாயாய் அலைந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே கேட்பது கம்மியாகத் தெரியும். வழக்கமாக இரண்டு மாத வாடகை டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதமோ ஒரு மாதமோ, அதோடு முதல் மாத வாடகை. ஒப்பந்தம் கையெழுத்தானதும் 30 நாளுக்குள் ஸ்டாம்ப் போட்டுவிடுங்கள். ஸ்டாம்ப் இல்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்காது. தெனாகா என்ற மின்சார நிறுவனத்தில் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், போகும்போது அதை மூடி அந்த டெபாசிட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பெயர்ப் பலகை லைசென்சையும் மாநகராட்சியில் ரத்து செய்துவிடுங்கள்.

இன்னொன்று. கடைசி இரண்டு மாதம் வந்ததும் “அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க” என்பது நம் ஊர் வழக்கம். இங்கே பெரும்பாலான ஒப்பந்தங்களில் அப்படிக் கழிக்கக் கூடாது என்றே எழுதியிருக்கும். கழித்தால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள்தான். அப்புறம் நீங்கள் பேசுவது எடுபடாது.

சரி, நண்பர் மாட்டியது வேறு இடத்தில். கடையை எடுத்தபோது இருந்த நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு. அவர் எடுத்தபோது அது சிமெண்ட் தரையும் வெறும் சுவரும்தான். டைல்ஸ் பதித்து, கூரைக்குக் கீழே பலகை அடித்து, பின்சுவரை உடைத்துப் புகைபோக்கி வைத்து, எண்ணெய்க் கழிவுத் தொட்டி போட்டு எல்லாம் செய்தது அவர். மூடப் போகிறேன் என்றதும் உரிமையாளர் நேரில் வந்து சுற்றிப் பார்த்தார். நல்ல தமிழில், “அப்படியே விட்டுட்டுப் போங்க தம்பி, அடுத்து வர்றவங்களும் சாப்பாட்டுக் கடைதான் போடுறாங்க” என்றார். நம்ம ஆளாயிற்றே என்று நண்பர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

அப்புறம் வந்தது கணக்கு. டைல்ஸ் பெயர்க்க, புகைபோக்கி ஓட்டையை அடைக்க, மேல்பலகை கழற்ற, வெள்ளை அடிக்க என்று 11,000 வெள்ளி (ரிங்கிட்) டெபாசிட்டும் போதாதாம். வயிறு எரிந்தது எங்கே தெரியுமா? புதுக் கடை திறந்த பிறகு நான் அங்கே போய்ப் பார்த்தேன். அதே டைல்ஸ், அதே புகைபோக்கி. முன்பு நண்பரின் மாஸ்டர் அண்டாவை இடித்துப் புகைபோக்கியின் ஒரு மூலையை நெளித்திருந்தார். அந்த நெளிசலின் கீழேதான் புதுக்காரர் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். எதையும் பெயர்க்கவில்லை, பெயர்த்ததாகக் கணக்கு மட்டும் வந்தது.

அங்கே எடுத்த படங்களை வைத்துத்தான் வக்கீல் நோட்டீஸ் போனது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் பேசுகிறது. செய்யாத வேலைக்கு என்ன இழப்பு என்று வக்கீல் கேட்டார். பாதிப் பணம் திரும்பியது. மீதிக்கு வழக்குப் போட நண்பருக்குத் தெம்பில்லை. 5,000 வெள்ளி வரைக்கும் வக்கீல் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை போடலாம், ஆனால் அது தனிநபருக்கு மட்டும். ஒப்பந்தம் சென்டிரியான் பெர்ஹாட் (நம் ஊர் பிரைவேட் லிமிடெட் மாதிரி) கம்பெனி பெயரில் இருந்ததால் அந்தக் கதவும் மூடிவிட்டது.

ஆகவே உரிமையாளர் வாயால் எதைச் சொன்னாலும் அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்: “இன்று நீங்கள் சொன்னபடி டைல்ஸ், புகைபோக்கி, மேல்பலகை மூன்றையும் அப்படியே விடுகிறேன், இதற்காக டெபாசிட்டில் பிடித்தம் கிடையாது, சரிதானே?” பதில் வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட கடிதம் கிடைத்தால் இன்னும் நல்லது. சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து கடையைச் சுற்றிப் பார்த்து, மீட்டர் எண், எத்தனை சாவி, என்ன தேதி என்று எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கடை இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று வாடகையை ஓட்டிக்கொண்டே போவார்கள். கடை எடுத்த முதல் நாள் படங்களும் கையில் இருக்கட்டும்; தரை, சுவர், கூரை, கழிவறை எல்லாம்.

பினாங்கில் கடை எடுப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள். ஜார்ஜ்டவுனில் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்ட, உரிமையாளர் சம்மதம் மட்டும் போதாது, மாநகராட்சி அனுமதியும் வேண்டும். சுவரில் கை வைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஊருக்கே திரும்பிப் போகிறவர்கள், டெபாசிட் வந்து சேரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூட வேண்டாம். கம்பெனி பெயரில் கட்டிய பணம் கம்பெனிக் கணக்குக்குத்தான் வரும்.