போர்ட்டோவின் லெல்லோ புத்தகக்கடை: போவதற்கு முன்

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில், 1906-இல் திறந்த லிவ்ராரியா லெல்லோவுக்குள் நுழையவே டிக்கெட் வேண்டும். நேரம் குறித்த டிக்கெட்டைக் கடையின் இணையதளத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், கோடையில் வெயிலில் வரிசையில் காய வேண்டியதுதான்.

டிக்கெட் காசு வீண் இல்லை. புத்தகம் வாங்கினால் அந்தத் தொகையை விலையில் கழிப்பார்கள். ஆனால் அன்றே, கடையை விட்டு வெளியேறுமுன் பில் போட வேண்டும். பலர் படம் எடுப்பதிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு, டிக்கெட் தொகையைக் கழிக்க மறந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நாலு பேர் சேர்ந்து போனால் நாலு டிக்கெட்டையும் ஒரே புத்தகத்தில் கழிக்க நினைக்காதீர்கள், ஆளுக்கொன்றாகத் தேர்ந்தெடுங்கள்.

நாளின் முதல் நேரத்தையே பிடியுங்கள். எல்லோரும் நிற்பது சிவப்புப் படிக்கட்டில்தான். பத்து மணிக்கு மேல் ஆள் இல்லாத படம் கிடைப்பது கனவு. உள்ளே வந்ததும் நேரே மாடிக்கு ஏறி, அங்கிருந்து கீழ்நோக்கி எடுங்கள். தலைக்கு மேலே வண்ணக்கண்ணாடிக் கூரை. மரவேலை போலத் தெரியும் அலங்காரங்களில் பெரும்பகுதி வண்ணம் பூசிய சுண்ணச்சாந்து. கிட்டத்தில் பார்த்தால்தான் பிடிபடும். தரையில் புத்தகவண்டி ஓடிய தண்டவாளம் இருக்கிறது, கூட்டத்தில் கண்ணில் படாமல் போய்விடும்.

ஹாரி பாட்டர் இங்கே பிறந்தது என்பார்கள். நம்பாதீர்கள். அந்தக் கடைக்குத் தான் போனதே இல்லை என்று அதை எழுதிய ரௌலிங்கே 2020-இல் சொல்லிவிட்டார்.

பெரிய முதுகுப்பை வேண்டாம், படிகள் குறுகல். சாவ் பென்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம், ஏற்றம் கொஞ்சம் உண்டு.